வாரநாள் இரவில் கொத்துக்கறி: ஓர் அரை மணி நேரத்தின் கணக்கு

அமெரிக்க நடுத்தர வீடுகளில் வாரநாள் இரவுக்கென்றே ஒரு சமையல் உண்டு. கடையில் பொட்டலமாக வாங்கிவந்த அரைத்த வான்கோழிக் கறியைத் தட்டையான இரும்புச் சட்டியில் போட்டு வதக்கி, குடைமிளகாய், சுக்கினி, தக்காளி என்று இருக்கிற காய்களைச் சேர்த்துக் கிளறி, அதே சட்டியோடு மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அரை மணி நேரத்தில் சாப்பாடு தயார். கழுவுவதற்கும் ஒரே பாத்திரம். இதைத் தமிழில் ஒரு சமையல் குறிப்பாக எழுதிவிட்டுப் போவதில் சிரமம் எதுவும் இல்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வரை, மாலை ஏழு மணிக்குமேல் வேலைவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிற வீடுகளுக்கு இந்த முறை உதவுமா என்று கேட்கும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. வான்கோழி கிடைக்குமா, வாரநாளில் கறி சமைப்பார்களா, சோற்றுக்கு அது சேருமா, செலவு தாங்குமா, அரைத்த கறியை நம்பி வாங்கலாமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் அலசிப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்று. இந்தச் சாப்பாடு சீக்கிரம் தயாராவதற்குக் காரணம், பொடிப்பொடியாக நறுக்குகிற வேலையை வேறொருவர் முன்னதாகவே முடித்துவைத்திருப்பது. அந்த வேலையை நம் பக்கத்தில் யார், எங்கே, எப்போது செய்வது என்று தீர்மானமாகிவிட்டால் மற்றக் கேள்விகள் பெரும்பாலும் தாமாக வழிக்கு வந்துவிடும்.

முதலில் அமெரிக்கக் கதையையே பார்ப்போம். வான்கோழி அங்கே நெடுங்காலம் நவம்பர் மாத நன்றி நவிலல் விருந்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டுமே உரிய பறவையாக இருந்தது. 1970-ஐ ஒட்டி ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை கிலோவுக்குச் சற்றுமேல் சாப்பிட்டார். 1990-களின் நடுவில் அது எட்டு கிலோவைத் தாண்டியது. இடையில் அந்தப் பறவையின் ருசி ஒன்றும் மாறிவிடவில்லை. மாட்டுக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர்கள் எச்சரிக்கத் தொடங்கிய காலம் அது. வான்கோழிப் பண்ணைக்காரர்களுக்கோ ஆண்டு முழுவதும் விற்றாக வேண்டிய நெருக்கடி. நெஞ்சுக்கறி நல்ல விலைக்குப் போனது. தொடையும் காலும் தேங்கின. முழுப் பறவையை வறுத்தெடுக்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால் வாரநாளில் அதைத் தொட ஆளில்லை. தேங்கிய கறியை அரைத்து, அரைக் கிலோ அளவில் பொட்டலம் கட்டி, மாட்டிறைச்சிக் கொத்துக்கறி வைத்திருந்த அதே தட்டில் கொண்டுபோய் வைத்ததும் நிலைமை மாறியது. வீட்டுச் சமையல்காரர் செய்யவேண்டிய வேலையில் முக்கால் பங்கைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த கால் பங்குக்குத்தான் அரை மணி நேரச் சமையல் என்று பெயர் வந்தது.

அரைப்பதால் ஏன் இவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு துண்டின் மேற்புறத்துச் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச்சேர ஆகும் நேரம், துண்டின் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் நேரம் கால்வாசியாகும். மூன்று சென்டிமீட்டர் துண்டை அரை சென்டிமீட்டர் துணுக்குகளாக்கினால் சூடு நடுவரை எட்டும் நேரம் ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. முற்றிய கறி கடிபடாமல் இழுபடுவதற்குக் காரணம் தசைநார்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன். அது நெகிழ்ந்து கூழாக வேண்டுமானால் 70 டிகிரிக்கு மேற்பட்ட ஈரச்சூட்டில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கிடக்க வேண்டும். குக்கரில் நாட்டுக்கோழிக்கு ஏழெட்டு விசில் விடுவது இதற்காகத்தான். கத்தியோ அரைக்கும் இயந்திரமோ அந்த நார்களை முன்பே வெட்டிவிட்டால், நெருப்பு அதைச் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. கொத்துக்கறி என்பது இளங்கறிக்கு ஏற்பட்ட அலங்காரமன்று, முற்றிய கறியைச் சீக்கிரம் வேகவைக்கும் வழி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நம் பக்கத்தில் எந்தக் கறியை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

வான்கோழி தமிழ்நாட்டுக்கு அந்நியமில்லை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையம், நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட் என்ற அமெரிக்க வெள்ளை இனத்தையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்ற இனத்தை நம் வெயிலுக்கு ஏற்றதாக உருவாக்கியது. பெல்ட்ஸ்வில் இனமே அமெரிக்க வேளாண் துறை சிறு குடும்பங்களுக்காக, சிறிய அடுப்பில் அடங்குகிற பறவை வேண்டும் என்று திட்டமிட்டு வளர்த்தெடுத்த ஒன்று. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் செங்கல்பட்டு பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்ட காட்டுப்பாக்கத்தில் இதே பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி வளாகமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஆக, பறவையும் அதை வளர்க்கும் அறிவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் கிராமத்தில் வான்கோழியைத் தோட்டத்துக்குக் காவலாகவோ அழகுக்காகவோ வளர்ப்பவர்களே அதிகம். வெட்டுவது பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டி, உயிர் எடைக்கு விலை பேசித்தான். ஒரு பறவை நான்கைந்து கிலோவை எளிதாகத் தாண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு அது அதிகம், வைத்துச் சாப்பிட உறைபெட்டி வசதி போதாது.

2023 செப்டம்பரில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஏற்பாட்டில் உறைந்த வான்கோழிக் கறிமீதான இறக்குமதித் தீர்வை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. இதை வைத்து, இனி கறி மலிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. உறைந்த சரக்கு துறைமுகத்திலிருந்து கடைவரை உருகாமல் போய்ச்சேர வேண்டும். அந்த வசதி இருப்பது பெருநகர நட்சத்திர விடுதிகளிலும் பெரிய அங்காடிகளிலும். உத்திரமேரூர் கடைத்தெருவை நம்பியிருக்கும் வீட்டுக்குத் தீர்வை குறைந்ததும் ஒன்றுதான், குறையாததும் ஒன்றுதான். உள்ளூர் வான்கோழியைத்தான் நம்ப வேண்டுமானால் கிராமத்தில் ஏற்கெனவே இருக்கிற கூறுமுறை கைகொடுக்கும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வெட்டிக் கூறுபோட்டு எடுத்துக்கொள்வதைப்போல, ஒரு வான்கோழியை வெட்டி, நெஞ்சை ஒருவரும் தொடையை ஒருவருமாகப் பிரிக்காமல் மொத்தமாகக் கொத்திப் பங்கிட்டால் சண்டையும் இல்லை, மிச்சமும் இல்லை. வான்கோழி கிடைக்காத நாளில், அதாவது ஆண்டின் பெரும்பாலான நாட்களில், அந்த இடத்துக்கு வரத் தகுதியானது முட்டையிட்டு ஓய்ந்த கோழி. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்காலம் முடிந்து கழிக்கப்படும் அந்தக் கோழி முற்றியது, மலிவானது, ருசியுள்ளது. வேகவைக்க நேரம் ஆகும் என்ற ஒரே குறைக்காகத்தான் ஒதுக்கப்படுகிறது. கொத்தினால் அந்தக் குறை போய்விடுகிறது. பிராய்லரைக் கொத்துவதில் தவறில்லை என்றாலும் இளங்கறியை அரைத்தால் மாவாகக் குழைந்துவிடுகிறது. முற்றிய கோழியின் துணுக்கு தனித்தனியாக நிற்கும்.

இது நமக்குப் பழக்கமில்லாத சமையல் என்ற தடை வரும். உண்மையில் தமிழ்நாட்டுச் சமையலில் இதன் பங்காளிகள் ஏராளம். சுறாப்புட்டு செய்பவர் மீனை வேகவைத்து உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டோடு வாணலியில் வறட்டுகிறார். முட்டைப் பொடிமாஸும் அதே தத்துவம்தான். செட்டிநாட்டில் கொத்துக்கறி கோலா உருண்டையாகிறது. மதுரையில் கறிதோசையின் மேல் ஏறுகிறது. பரோட்டாக் கடையின் தட்டைக்கல், உலகத்தில் உள்ள எந்தத் தட்டை இரும்புச் சட்டிக்கும் சளைத்ததில்லை. கொத்துப் பரோட்டா போடுகிறவர் முட்டை, சால்னா, வெங்காயம், கறித்துணுக்கு எல்லாவற்றையும் ஒரே பரப்பில், ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றாக்கிவிடுகிறார். அவரால் ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்றால், வெங்காயம் நறுக்கவும் சால்னா கொதிக்கவும் பிற்பகலிலிருந்தே கடையில் இன்னொரு கை வேலை செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் அந்த இன்னொரு கை இல்லை. நம் வீடுகளில் கொத்துக்கறி ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகவே இருந்துவருவதற்கு ருசியோ மரபோ காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்கடையில் நின்று கொத்தி வாங்கிவர நேரம் இருக்கிறது.

நேரம் என்ற பொருள் இந்த வட்டாரத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைப் பேச முடியாது. ஏரிப்பாசன நெல்லும் நிலக்கடலையும் தறியுமாக இருந்த பகுதி இது. இன்று விடியற்காலையிலும் மாலையிலும் இந்தச் சாலைகளில் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, செய்யாறு சிப்காட் என்று ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பெண்கள் கணிசம். 2019-20-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் ஆய்வின்படி இந்தியாவில் ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் கழிக்கிற பெண் வீட்டுக்கு வந்ததும் சமையல் காத்திருக்கிறது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-இல் சொன்ன கணக்கு: வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார், ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். 2024 ஆய்வில் அது 289, 88 என்று ஆனது. இருவருக்கும் குறைந்திருக்கிறது, ஆனால் ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குக் குறைந்தது பத்தே நிமிடம். ஆணும் ஏறக்குறைய அதே அளவு விலகிக்கொண்டார். இந்தச் சூழலில் அரை மணி நேரச் சமையல் என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அந்த அரை மணியில் வெங்காயம் உரிப்பது, பூண்டு தட்டுவது, பீன்ஸ் நார் எடுப்பது எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டே தீர வேண்டும். பெரும்பாலான குறிப்புகள் சேர்ப்பதில்லை. நான்கு பேருக்கான காய்களை அரிவாள்மனையில் பொடியாக நறுக்கவே இருபது நிமிடம் போய்விடும்.

கறியைக் கொத்தும் வேலைக்கு இங்கே இரண்டு இடங்கள்தான் உண்டு: கறிக்கடை, வீட்டு மிக்ஸி. ஆட்டுக்கறிக் கடைக்காரர் மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தருவார். துணுக்கு ஒன்றுபோல இருக்காது. ஆனால் நார் நசுங்காது, சாறு ஓடாது, கண்முன்னால் நடப்பதால் எதைச் சேர்த்தார் என்ற சந்தேகமும் இல்லை. பிராய்லர் கடைகளில் கொத்தித் தரும் வழக்கம் குறைவு. எலும்பில்லாத கறியாகக் கேட்டு வாங்கலாம், அதற்குமேல் அவர்களுக்கு நேரமில்லை. அங்கே மிக்ஸி வருகிறது. 2011-இல் தமிழக அரசு குடும்ப அட்டைகளுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தைப் பற்றிய அரசியல் வாதங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், அம்மியில் ஆண்டாண்டாக அரைபட்ட நேரத்தில் ஒரு பகுதி அதனால் மிச்சமானது. அதே மிக்ஸியில் குளிரவைத்த எலும்பில்லாத கறியைக் கைப்பிடியளவாகப் போட்டு, ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஒரு நொடி என்று நான்கைந்து தடவை தட்டினால் கொத்துக்கறி தயார். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறிப் பசையாகிவிடும். இந்த வேலையை வாங்கிய நாளிலேயே செய்து, தட்டையாகப் பரப்பிப் பொட்டலமாக்கி உறையவைத்துவிட்டால் வாரநாள் இரவில் கறிக்குச் செலவாகும் நேரம் கிட்டத்தட்ட இல்லை. தட்டையாக வைப்பது முக்கியம். உருண்டையாக உறைந்தது உருக அரைநாள் ஆகும், விரல்கனத்துக்கு உறைந்தது அரிசி ஊறுகிற நேரத்தில் தண்ணீரில் இளகிவிடும்.

அரைத்த கறியை நம்பலாமா என்ற அச்சம் நியாயமானது, அதைக் கிராமத்து மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள்தான் தவறு செய்கிறார்கள். முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும், சட்டியில் பட்டதும் செத்துவிடும். அரைக்கும்போது மேற்புறம் முழுவதும் உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறை, அரைத்த கோழிக்கும் வான்கோழிக்கும் உட்சூடு 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்கிறது. அரைத்ததைக் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள்தான் வைக்கலாம். வெளியில் இரண்டு மணி நேரம், வெளிச்சூடு 32 டிகிரிக்குமேல் போனால் ஒரே மணி நேரம். காஞ்சிபுரத்தில் ஆண்டின் பல மாதங்களில் பகலில் அந்த வெப்பம் இருக்கும் என்பதால் நம் கணக்கு ஒரு மணி நேரம்தான். காலையில் கொத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவதற்கு வழியே இல்லை. ஆனால் சமைக்கும்போது இந்த அச்சத்துக்கு இடம் குறைவு. உதிரியாக வதக்குகிற கொத்துக்கறி விடும் தண்ணீர் கொதித்துச் சுண்டும்வரை சட்டியில் நூறு டிகிரியை ஒட்டிய சூடு நிற்கிறது, துணுக்கோ அரை சென்டிமீட்டர்தான். தண்ணீர் முழுக்கச் சுண்டி, எண்ணெய் பிரிந்து சடசடக்கத் தொடங்கினால் 74 டிகிரியைத் தாண்டி வெகுநேரமாகியிருக்கும். கட்லெட்டாகவோ உருண்டையாகவோ பிடித்தால்தான் நடுப்பகுதி ஏமாற்றும்.

இனி சட்டிக்கு வருவோம். நான்கு பேருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொத்துக்கறியும் அதே அளவு காயும் சரியாக இருக்கும். குழிவான வாணலியைவிட அகலமான இரும்புத் தோசைக்கல்லோ தட்டைச் சட்டியோ நல்லது. கறி விடும் நீர் ஆவியாகிப் போக இடம் வேண்டும். குழியில் அது தேங்கினால் கறி வறுபடாமல் அவிந்துபோகும். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் ஈரம் போய், சூடு 140 டிகிரியை நெருங்கிய பிறகுதான் வரும். அதனால் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பிப் போட்டு, மூன்று நிமிடம் கரண்டியைத் தொடாமல் விட வேண்டும். இதுதான் பழகக் கடினமானது; நம் கை சும்மா இருக்காது, கிளறிக்கொண்டே இருக்கும். அடிப்பக்கம் சிவந்ததும் தோசைத்திருப்பியின் விளிம்பால் கொத்திக் கொத்தி உதிர்க்கலாம். உப்பை அதற்கு முன்னால் போடக்கூடாது. பச்சைக் கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் தசைப்புரதம் கசிந்து ஒட்டிக்கொண்டு கோலா உருண்டைக்கு ஏற்ற பதம் வரும். உதிரிக்கு அது ஆகாது. கறி உதிர்ந்தபின் ஓரமாக ஒதுக்கி, காலியான இடத்தில் சோம்பு, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது. வெங்காயம் நிறம் மாறியதும் மஞ்சள்தூளும் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளும், பிறகு உப்பு.

காய்களைப் பற்றித்தான் குறிப்புகள் அதிகம் ஏமாற்றுகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்வார்கள். கேரட்டும் பீன்ஸும் வேகப் பத்து நிமிடம், முட்டைக்கோஸுக்கு நான்கு, முருங்கைக்கீரைக்கு இரண்டே போதும். கடினமான காய் வேண்டுமென்றால், சோறு வேகும் குக்கரிலேயே மேல்தட்டில் வைத்து எடுத்துக்கொள்வது உத்தமம். வான்கோழி, கோழி போன்ற கொழுப்புக் குறைந்த கறியோடு சேர்க்கும்போது காய்க்குச் சத்துக்கு அப்பால் ஒரு வேலை இருக்கிறது. கொழுப்பில்லாத துணுக்குகள் வறண்டு மணல்போல் ஆகிவிடும். அந்த வறட்சியை நீர்க்காய்தான் தணிக்கும். சுரைக்காயிலும் பீர்க்கங்காயிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் தண்ணீர். கறி வறுபட்டபின் பொடியாக நறுக்கிய பீர்க்கங்காயைப் போட்டு மூடினால், அது விடும் நீரில் மசாலா கரைந்து, சட்டியடியில் ஒட்டியிருந்த பழுப்பும் கிளம்பி, தனியாகத் தண்ணீர் ஊற்றாமலே தளதளவென்று வரும். அமெரிக்கர்கள் சுக்கினி போடுவது இதற்காகத்தான். சுக்கினியைத் தேடி அலைவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சுவையில் பீர்க்கங்காய் அதைவிட மேல் என்பது என் கட்சி. கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு. காய் நறுக்கியிருந்தால் மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிடம். பக்கத்து அடுப்பில் சோறு ஆகிற நேரம்தான்.

இந்தப் பகுதி வீடுகளில் வலுவாக எழும் மறுப்பு நாள்கணக்குப் பற்றியது. செவ்வாய், வெள்ளி, பல வீடுகளில் சனி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம் முழுவதும் என்று கழித்துக்கொண்டே போனால் வாரநாள் கறிக்கு மிஞ்சுவது திங்கள், புதன், வியாழன்தான். இதில் வாரம் ஒரு நாள் செய்தாலே பெரிய விஷயம். வாரத்துக்கு ஒரு நாளுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். முறை என்பது கறிக்கு மட்டும் கட்டுப்பட்டதாக இருந்தால் இந்த மறுப்பு செல்லும். ஆனால் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கரை மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் அது கொத்துக்கறியைப்போலவே நடந்துகொள்கிறது. ஒரே வேறுபாடு, அதற்குச் சொந்தச் சாறு இல்லாததால் எண்ணெயும் தக்காளியும் கூடுதலாக வேண்டும். பொடித்த பனீர், நறுக்கிய காளான், முட்டை எல்லாமே அதே கல்லில், அதே வரிசையில் வரும். வெள்ளிக்கிழமையும் காய் நறுக்கியாக வேண்டும் அல்லவா? அந்த வேலைக்குச் செய்த ஏற்பாடு எல்லா நாளுக்கும் பொது.

சோறு இருக்க, இந்த உதிரிக்கறியை எதில் பிசைந்து சாப்பிடுவது என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. அமெரிக்கச் சட்டிச் சாப்பாடு தானே முழுச் சாப்பாடு. நமக்குச் சோறு நடுவில், மற்றவை அதைச் சுற்றி. ரேஷனில் விலையில்லாமல் அரிசி கிடைக்கும் மாநிலத்தில், இரவுச் சோற்றை விட்டுவிடச் சொல்கிற எந்த யோசனையும் ஏழை வீட்டின் வரவுசெலவைப் புரிந்துகொள்ளாத யோசனை. ஒரே பாத்திரம் என்ற விதியைத்தான் தளர்த்த வேண்டும். குழம்பு வேண்டாம், ரசமோ தயிரோ போதும். தக்காளியையும் பீர்க்கங்காயையும் சற்றுக் கூட்டி, ஈரம் முழுதும் சுண்டுவதற்கு முன் இறக்கினால் சோற்றில் பிசைய வரும். குழம்பைக் கொதிக்கவிட்டு எடுக்கும் ஆழமான ருசி இதில் வராது என்பது உண்மை. அதை ஈடுகட்டிவிடலாம் என்று சொல்வது பசப்பு. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கே இருக்கட்டும். புதன்கிழமை இரவின் போட்டி ஊறுகாயோடும் கடையில் வாங்கும் பரோட்டாவோடும்தான்.

அந்தப் போட்டியில் சத்துக்கணக்கு இதன் பக்கம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்குமேல் இரத்தசோகை. மருந்துக்கும் மாத்திரைக்கும் உள்ள இடம் வேறு. கறியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேர்கிறது, கூடவே சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேரவைக்கிறது, எலுமிச்சை அதற்குத் துணைசெய்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வகுத்தபடி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் வான்கோழியிலோ கோழியிலோ இருபது கிராமை ஒட்டிக் கிடைத்துவிடுகிறது. செலவைப் பொறுத்தவரை கொத்துக்கறியில் மறைந்திருக்கும் சிக்கனம் ஒன்று உண்டு. குழம்பில் துண்டு எண்ணிப் போடும்போது யாருக்கு எத்தனை என்ற கணக்கு வருகிறது. பெரும்பாலும் கடைசியில் சாப்பிடும் பெண்ணின் தட்டில் எலும்பும் சாறும் மிஞ்சுகின்றன. உதிரியாகக் காயோடு கலந்துவிட்டதை அப்படிப் பொறுக்கி எடுக்க முடியாது. காயின் அளவை உயர்த்தினால் கால் கிலோ கறியே நான்கு பேருக்குப் பரவலாகப் போய்ச்சேரும்.

மீதமிருப்பது நறுக்குகிற கை. சென்னை அடுக்குமாடிகளுக்கு நறுக்கிய காய் பொட்டலமாக வருகிறது; இந்தக் கிராமங்களுக்கு வருவதில்லை, வந்தாலும் வெட்டிய காய் அந்த வெயிலைத் தாங்காது. சமையல் உழைப்பை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவது நமக்குப் புதிதில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் காலைச் சமையலை எத்தனையோ அடுப்படிகளிலிருந்து இறக்கிவைத்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்படி ஒன்று வரப்போவதில்லை என்பதால் பங்கீடு வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும். நேரப் பயன்பாட்டு ஆய்வு பெண்ணுக்கும் ஆணுக்கும் சொன்ன எண்களுக்கு நடுவே இருநூறு நிமிட இடைவெளி இருக்கிறது. கம்பெனி பஸ் வருவதற்குள் வெங்காயமும் பீர்க்கங்காயும் நறுக்கிவைக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆண்கள் கறிக்கடைக்குப் போய்க் கொத்தி வாங்கிவருவதை இழுக்காக நினைப்பதில்லை. வாங்கிவந்ததை மிக்ஸியில் போட்டுப் பொட்டலம் கட்டுவதும் அதே வேலையின் தொடர்ச்சிதான். உத்திரமேரூர் போன்ற ஊரின் பிராய்லர் கடை ஒன்றில் கறி அரைக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்து, கேட்பவர் கண்ணெதிரே முட்டைக்கோழியை அரைத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு வழி. இறைச்சியிலிருந்து பல பண்டங்கள் தயாரிப்பது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகவே கற்பிக்கப்படுகிறது. அந்தப் படிப்பு கறிக்கடைக்காரர்வரை போய்ச்சேர வேண்டும்.

இரவில் மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடலாம். சமைத்த கொத்துக்கறியைச் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டுத் தூங்கக்கூடாது; சூடு தணிந்ததும் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், அங்கே மூன்று நாள் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அளந்து சமைப்பதே சரி. பெட்டி இருக்கும் வீட்டில் மறுநாள் காலை தோசைமாவை ஊற்றி, மேலே இரண்டு கரண்டி கொத்துக்கறியைப் பரப்பி, முட்டை ஒன்றை உடைத்துவிட்டுத் திருப்பிப்போட்டால் டிபன் டப்பாவுக்குத் தனியாகச் சட்னி அரைக்க வேண்டியதில்லை.